ஏரியா நல்லாயிட்டா நாங்க எங்க போறது?

பூங்கா வேண்டாம் என்று சொன்ன ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத உட்காரும்போதெல்லாம் அவர் சொன்னதை முழுசாக ஏற்கவும் முடியவில்லை, ஒதுக்கிவிடவும் முடியவில்லை. ஒரு இடத்துக்கு நல்லது நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும் அங்கே குடியிருப்பவருக்கு வயிற்றைக் கலக்குகிறது என்றால் தப்பு அவருடைய பயத்திலா, அந்த நல்லது நடக்கும் விதத்திலா? எனக்கு இப்போது ஓரளவு தெளிவு வந்திருக்கிறது.

எங்கள் தெருவின் கடைசியில் பழைய தொழிற்கூடம் ஒன்று இருந்த இடம் சும்மா கிடக்கிறது. சுற்றுச்சுவர் பாதி விழுந்துவிட்டது. உள்ளே குப்பை, மழை பெய்தால் தேங்கிய தண்ணீர், பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் விளக்கு கிடையாது. அதைச் சுத்தம் செய்து பூங்காவாக்கச் சொல்லி நாங்கள் சிலர் ஒரு மனு தயார் செய்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினோம். சொந்த வீடு வைத்திருந்தவர்கள் படித்துக்கூடப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தார்கள். பின்சந்தில் வாடகைக்கு இருக்கும் ஒரு அக்கா மட்டும் மனுவை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். அந்தக் குப்பை மேட்டைப் பற்றி எங்கள் எல்லோரையும்விட அதிகம் புலம்பியவர் அவர்தான், அவர் வீட்டு ஜன்னலைத் திறந்தால் நேரே அதுதான் தெரியும், மழைக்காலம் வந்தால் அவர் பிள்ளைகளுக்குத்தான் முதலில் காய்ச்சல் வரும். படித்து முடித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க தம்பி, ஆனா நான் போடலை" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

ஏன்க்கா என்று கேட்டேன். "பூங்கா வந்தா நீங்க வாக்கிங் போவீங்க, நாங்க சாமான் கட்டணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வது போலச் சொன்னார். இதற்கு முன்னால் இருந்த வீட்டில் ரோடு போட்டார்கள், விளக்கு வந்தது, கொஞ்ச நாளில் புரோக்கர்கள் நடமாட ஆரம்பித்தார்கள், அப்புறம் வீட்டுக்காரர் வந்து வாடகையைச் சொன்னார், கொடுக்க முடியவில்லை, இங்கே வந்தார்கள். "நாங்க இங்க இருக்கிறதே அந்தக் குப்பையாலதான். அது இருக்கிற வரைக்கும் இந்தச் சந்துக்கு வேற யாரும் வரமாட்டாங்க."

என்னோடு வந்தவர் வெளியே வந்ததும் முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை போடும் ஆட்கள் எங்கேயும் இருப்பார்கள் என்று அலுத்துக்கொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அக்கா வேலைக்கு நடந்தே போய்விடலாம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பக்கத்தில், அவர் வர நேரமானால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பாட்டி. இதெல்லாம் ஒரு பக்கம், காய்ச்சலும் கொசுவும் இன்னொரு பக்கம் என்று வைத்து எடை போட்டிருக்கிறார். பிள்ளைகளின் உடம்பைப் பணயம் வைத்து வாடகையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நிலைமையில் ஒருவரை நிறுத்திவிட்டு, அவருக்கு முன்னேற்றம் புரியவில்லை என்று பேச எனக்கு வாய் வரவில்லை.

வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. ஆனால் அது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தால்தான் அந்த அக்காவின் கணக்கு எவ்வளவு துல்லியமானது என்று தெரியும்.

குப்பையின் விலை

1964-ல் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் லண்டனைப் பற்றி எழுதும்போது, இஸ்லிங்டன் மாதிரியான உழைப்பாளிகள் வாழ்ந்த பகுதிகளில் நடுத்தர வர்க்கம் ஒவ்வொரு வீடாக நுழைவதைக் கவனித்துச் சொன்னார். ஒரு பகுதியில் இது ஆரம்பித்துவிட்டால் பழைய குடியிருப்பாளர்களில் பெரும்பாலானோர் வெளியேறி, அந்தப் பகுதியின் முகமே மாறும் வரை வேகமாகப் போகும் என்பது அவர் கணிப்பு. ஏன் இந்த இடம், ஏன் இப்போது என்பதற்கு 1979-ல் நீல் ஸ்மித் என்ற புவியியலாளர் ஒரு விளக்கம் கொடுத்தார். ஒரு மனையில் இன்றைக்கு வரும் வருமானம் ஒன்று, அதே மனையை வேறு விதமாகப் பயன்படுத்தினால் வரக்கூடிய வருமானம் இன்னொன்று. பராமரிக்காமல் விட்ட பகுதியில் முதலாவது கீழே போய்க்கொண்டே இருக்கும், சுற்றி நகரம் வளர வளர இரண்டாவது மேலே போய்க்கொண்டே இருக்கும். நடுவில் இருக்கும் இடைவெளி போதுமான அளவுக்கு அகன்றதும் பணம் உள்ளே பாய்கிறது.

இதை வைத்துப் பார்த்தால் எங்கள் தெருவின் குப்பை மேடு செய்யும் வேலை தெளிவாகத் தெரிகிறது. அது இன்றைய வாடகையை அமுக்கி வைத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்தச் சந்தில் ஒரு செங்கல்கூட மாறாமல் எல்லா மனையின் விலையும் ஏறும். அந்த வீட்டுக்காரர்கள் யாரும் எதுவும் செய்திருக்க மாட்டார்கள். பூங்காவுக்குப் பணம் பொதுப்பணம், மனு எழுதியது தெருவாசிகள், இத்தனை வருடம் அந்தச் சந்தை இரவில் ஆள் நடமாட்டமுள்ள இடமாக, ஒருத்தர் பிள்ளையை இன்னொருத்தர் பார்த்துக்கொள்ளும் இடமாக வைத்திருந்தது வாடகைக்கு இருப்பவர்கள். எல்லோரும் சேர்ந்து உண்டாக்கிய மதிப்பு, பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போகிறது. பத்திரம் இல்லாதவருக்கு அதே மதிப்பு அடுத்த மாத வாடகையாக வந்து நிற்கிறது. ஹென்றி ஜார்ஜ் என்ற அமெரிக்கப் பொருளாதாரச் சிந்தனையாளர் 1879-லேயே இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: நிலத்தின் விலை ஏறுவதற்குக் காரணம் சமூகம், அதனால் அந்த ஏற்றத்தைச் சமூகத்துக்கே வரியாகத் திருப்ப வேண்டும் என்று. மற்ற வரிகளுக்குப் பதிலாக நிலத்துக்கு மட்டும் வரி என்று அவர் சொன்ன ஒற்றை வரித் திட்டம் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் நிலத்தின் விலையை ஏற்றுவது சமூகம் என்ற முதல் பாதியை மறுக்க முடியாது.

பூங்காவால் இப்படி நடக்கும் என்பதற்கு உலகத்திலேயே அதிகம் பேசப்படும் உதாரணம் நியூயார்க்கின் ஹை லைன். 1980-ல் கடைசி சரக்கு ரயில் ஓடி முடிந்த பிறகு புதர் மண்டிக் கிடந்த உயர்மட்டத் தண்டவாளம் அது. இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் 1999-ல் ஜோஷுவா டேவிட், ராபர்ட் ஹேமண்ட் என்ற அந்தப் பகுதிக்காரர்கள் இருவர் அதைக் காப்பாற்ற ஓர் அமைப்பு ஆரம்பித்தார்கள். 2005-ல் அதைச் சுற்றிய பகுதியின் கட்டட விதிகள் மாற்றப்பட்டன, 2009-ல் பூங்காவின் முதல் பகுதி திறந்தது, சுற்றிலும் சொகுசுக் கட்டடங்கள் முளைத்தன. பக்கத்திலேயே அரசு வாடகைக் குடியிருப்புகள் இரண்டு உண்டு. அங்கே இருப்பவர்கள் அந்தப் பூங்காவைத் தங்களுடையதாக நினைக்கவில்லை. 2017-ல் ஹேமண்ட் வெளிப்படையாகவே, அக்கம்பக்கத்துக்காகத்தான் இதைச் செய்ய நினைத்தோம், அதில் தோற்றுவிட்டோம் என்று சொன்னார். மக்களிடம் வடிவமைப்பைப் பற்றிக் கேட்டோமே தவிர, உங்களுக்கு என்ன தேவை என்று கேட்கவில்லை என்பது அவருடைய வருத்தம். கெட்ட எண்ணத்தோடு ஆரம்பித்தவர்கள் இல்லை அவர்கள். எங்களைப் போல ஒரு பாழடைந்த இடத்தைப் பார்த்து மனசு கேட்காமல் இறங்கியவர்கள்.

எல்லாப் பூங்காவும் இதையே செய்யும் என்றும் சொல்ல முடியாது. பார்சிலோனாவில் 1990-களிலும் அதன் பிறகும் உருவான பூங்காக்களை ஆராய்ந்தவர்கள், கடலோரப் பழைய தொழிற்பகுதியான சாந்த் மார்த்தி மாதிரி இடங்களில் வசதியானவர்கள் வந்து சேர்வதைக் கண்டார்கள். நகரத்தின் ஒதுக்குப்புறமான உழைப்பாளர் குடியிருப்புகளில் பூங்கா வந்தும் அப்படி நடக்கவில்லை. ஏற்கெனவே விலை ஏறத் தயாராக இருக்கும் இடத்தில் பூங்கா தீக்குச்சியாகிறது, மற்ற இடத்தில் அது வெறும் பூங்காவாகவே இருக்கிறது. எங்கள் தெரு எந்த ரகம் என்பதைப் புரோக்கர்கள் எங்களுக்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

ஜெர்மனியில் இந்தப் பயம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. அங்கே வீட்டுக்காரர் வீட்டை நவீனப்படுத்தினால் அந்தச் செலவில் ஒரு பங்கை ஆண்டு வாடகையில் ஏற்றிக்கொள்ளச் சட்டமே இடம் கொடுக்கிறது. முன்பு 11 சதவீதம், 2019 முதல் 8 சதவீதம், கூடவே ஓர் உச்சவரம்பும் உண்டு. சுவருக்கு வெப்பக்காப்பு, புது ஜன்னல், லிஃப்ட் எல்லாம் நல்ல விஷயங்கள்தான், ஆனால் சாரம் கட்ட ஆள் வந்தாலே வாடகைக்காரர் வக்கீலைத் தேடுகிறார். அதனால்தான் பெர்லினில் சில பகுதிகளைச் சமூகப் பாதுகாப்புப் பகுதிகள் என்று அறிவித்து, ஆடம்பரமான மேம்பாடுகளுக்கு அனுமதி மறுக்கிறார்கள். ஒரு வீடு ரொம்ப நன்றாக ஆகிவிடக் கூடாது என்று அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் நிலைமை. படித்தபோது அந்த அக்காவின் ஞாபகம்தான் வந்தது, அவர் தனியாகச் செய்ததை அங்கே ஒரு மாவட்ட நிர்வாகம் செய்கிறது.

கட்ட விட்டால் சரியாகிவிடுமா

இந்த மாதிரிப் பேசினால் உடனே வரும் பதில் ஒன்று உண்டு. என் நண்பர் ஒருவர் கட்டுமானத் துறையில் இருக்கிறார், அவர் சொல்வார்: வீடு பற்றாக்குறை, அதனால் வாடகை ஏறுகிறது, நிறையக் கட்ட விடு, தானாக இறங்கும், எதையும் தடுக்காதே. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்க நகரங்களின் வருமானம் குறைந்த பகுதிகளில் எழுந்த புதிய அடுக்குமாடிகளைப் பற்றி ஆஸ்க்வித், மாஸ்ட், ரீட் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் செய்த ஆய்வில், புதுக் கட்டடத்துக்கு ஒட்டிய வீடுகளின் வாடகை சற்றுத் தள்ளி இருந்த வீடுகளோடு ஒப்பிடும்போது சுமார் 6 சதவீதம் குறைவாக இருந்தது. புதுசாக வரும் வசதியானவர்கள் புதுக் கட்டடத்துக்குள் போய்விடுவதால் பழைய வீடுகள் மீது அழுத்தம் குறைகிறது. எதையுமே கட்டாமல் இருந்தால் ஏழைகள் பத்திரமாக இருப்பார்கள் என்பது பொய், வசதியானவர் பழைய வீட்டுக்கே அதிக விலை சொல்லி வாங்கிக்கொள்வார். கட்டடமே வேண்டாம் என்ற கட்சியில் நான் இல்லை.

இன்னொரு ஆய்வு இதைவிடக் குழப்பியது. லான்ஸ் ஃப்ரீமன், ஃபிராங்க் பிராக்கோனி என்ற இருவர் 2004-ல் வெளியிட்டது. 1990-களில் நியூயார்க்கில் இப்படி மாறிக்கொண்டிருந்த பகுதிகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள், மாறாத பகுதிகளில் இருந்த ஏழைகளைவிடக் குறைவாகவே இடம்பெயர்ந்தன என்று அவர்கள் கண்டார்கள். நண்பர் இதை என் முன்னால் வைத்து, பார், பூங்கா வந்தால் சாமான் கட்டவில்லை, ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். எனக்கு அதற்கு உடனே பதில் இல்லை. ஏரியா நன்றாக ஆனால் அதை விட்டுப் போக யாருக்கும் மனசு வராது என்பது நியாயம்தான்.

அப்புறம்தான் அந்த ஊரின் வாடகை நிலவரம் உறைத்தது. அந்தக் காலத்தில் நியூயார்க்கின் வாடகை வீடுகளில் ஏறத்தாழ பாதி ஏதோ ஒரு வாடகைக் கட்டுப்பாட்டின் கீழ் இருந்தன. அதற்கு மேல் அரசுக் குடியிருப்புகள். அதாவது அங்கே ஏரியா மேம்பட்டபோது பெரும்பகுதி ஏழைகளை வீட்டுக்காரர் நினைத்த மாத்திரத்தில் கிளப்ப முடியாது. கிளப்ப முடியாதவருக்குப் பூங்கா வெறும் பூங்காதான், சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். எழுதிக் கொடுத்த காகிதம் இல்லாமல், அடுத்த மாதம் இருப்போமா என்று தெரியாமல் இருப்பவருக்கு அதே பூங்கா, காலிசெய்யச் சொல்லும் நோட்டீஸ். இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் பூங்காவில் இல்லை, கட்டடத்திலும் இல்லை, தங்கும் உரிமையில் இருக்கிறது. இத்தனை நாள் கட்டலாமா கூடாதா, பூங்கா வேண்டுமா வேண்டாமா என்று நானும் நண்பரும் மல்லுக்கட்டியது தவறான கதவின் முன்னால் நின்று என்று அப்போதுதான் பட்டது.

தங்கும் உரிமை இருந்தாலும் எல்லாம் தீர்ந்துவிடாது. பீட்டர் மார்க்யூஸ் என்ற நகரத் திட்ட அறிஞர் 1985-லேயே ஒன்று சொன்னார்: வெளியேற்றப்பட்டவர்களை மட்டும் எண்ணினால் போதாது, முன்பு வந்திருக்கக்கூடிய, இனிமேல் வரவே முடியாத குடும்பங்களையும் சேர்த்து எண்ண வேண்டும். இருப்பவர் இருந்துகொள்வார், அவர் காலிசெய்யும் வீடு அவரைப் போன்ற இன்னொருவருக்குக் கிடைக்காது. ஒரு தலைமுறையில் அந்தத் தெரு முழுசாகக் கை மாறிவிடும், யாரையும் துரத்தினோம் என்ற குற்றச்சாட்டே இல்லாமல். அதனால்தான் வாடகைச் சட்டம் மட்டும் போதாது, விலை ஏறாத வீடுகள் என்று ஒரு பங்கு நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பது என் முடிவு. வியன்னா நகராட்சியிடம் இன்றைக்கும் சுமார் 2,20,000 வாடகை வீடுகள் சொந்தமாக இருக்கின்றன, அவை நகரம் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. அங்கே ஒரு தெருவுக்கு மரம் நட்டால் அந்த வீடுகளின் வாடகை அதற்காக ஏறப்போவதில்லை.

எது முதலில்

சரி, வியன்னா மாதிரி நூறு வருடத்துக்கு முன்னால் ஆரம்பிக்காத ஊர் என்ன செய்வது? இங்கே எனக்கு நம்பிக்கை தந்தது வாஷிங்டனில் அனகோஸ்டியா ஆற்றின் மேல், பழைய பாலத்தின் தூண்களை வைத்துத் திட்டமிட்ட ஒரு பூங்கா. ஆற்றின் ஒரு கரை வசதியானது, மறு கரை பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் ஏழைப் பகுதி. ஹை லைனைப் பார்த்துப் பாடம் படித்தவர்கள், பூங்காவுக்கு அஸ்திவாரம் போடுவதற்குப் பல வருடங்கள் முன்னால், 2015-லேயே அக்கம்பக்கத்துக்கான ஒரு திட்டத்தை வெளியிட்டார்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு அவர்கள் உரிமைகளைச் சொல்லிக்கொடுப்பது, வீடு வாங்க நினைப்பவர்களைத் தயார் செய்வது, உள்ளூர்க்காரர்களுக்கு வேலை, அப்புறம் நிலத்தைச் சந்தையிலிருந்து வெளியே எடுத்து வைக்க ஒரு சமூக நில அறக்கட்டளை. பூங்கா வருவதற்கு முன்னாலேயே இதெல்லாம் ஆரம்பித்துவிட்டது. அது முழுசாக வெற்றி பெறுமா என்பது வேறு விஷயம், வரிசை சரியானது.

நில அறக்கட்டளை என்பது ரொம்ப எளிமையான ஏற்பாடு. நிலம் அறக்கட்டளையின் பெயரில் என்றைக்கும் இருக்கும், மேலே உள்ள வீட்டை மட்டும் குடும்பங்கள் நீண்ட காலக் குத்தகையோடு வாங்கும், விற்கும்போது ஒப்பந்தத்தில் சொன்ன வரம்புக்கு மேல் விலை வைக்க முடியாது. பாஸ்டனில் டட்லி தெரு மக்கள் 1984-ல் ஓர் அமைப்பாகச் சேர்ந்தார்கள். அவர்கள் பகுதியில் காலி மனைகளில் வெளியூர்க் குப்பையெல்லாம் வந்து கொட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அவர்களும் குப்பையை அகற்றத்தான் முதலில் போராடினார்கள். அதோடு நிற்காமல், தங்கள் பகுதியின் நடுவில் இருந்த காலி மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தை 1988-ல் நகரத்திடமிருந்து வாங்கினார்கள். ஒரு குடியிருப்பாளர் அமைப்புக்கு அந்த அதிகாரம் கிடைப்பது அபூர்வம். அந்த நிலங்கள் இன்றைக்கு அவர்களுடைய அறக்கட்டளையிடம் இருக்கின்றன.

ஏறிய மதிப்பில் பங்கு கேட்பதற்கும் முன்மாதிரி இருக்கிறது. கொலம்பியாவில் 1997-ல் வந்த சட்டப்படி, அரசின் முடிவால் நிலத்தின் மதிப்பு ஏறினால், உதாரணமாகக் கூடுதல் மாடி கட்ட அனுமதி கிடைத்தால், அந்த ஏற்றத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை நகரம் எடுத்துக்கொள்ளலாம். இதில் எனக்கு எந்த அநியாயமும் தெரியவில்லை, மிச்சம் அப்போதும் உழைக்காமல் வந்ததுதானே.

எல்லாம் சுமுகமாக நடக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெர்லின் 2020-ல் வாடகைக்கு உச்சவரம்பு போட்டது, அடுத்த வருடம் ஏப்ரலில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை என்று ரத்து செய்தது. அதற்குள் விளம்பரத்துக்கு வரும் வாடகை வீடுகள் குறைந்துபோயிருந்தன, வீடு தேடியவர்கள் திண்டாடினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பெரிய நிறுவனங்களின் வீடுகளைப் பொதுவுடைமையாக்க வேண்டும் என்று செல்லுபடியான வாக்குகளில் 59 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், ஆனால் அந்த வாக்கெடுப்பு அரசைக் கட்டுப்படுத்தாது. அவசரமாகப் போடும் தடுப்பு பிடிமானம் இல்லாமல் போகலாம் என்பதற்கு இது சாட்சி. எங்கள் சந்தில் வீட்டுக்காரர்கள் எல்லோரும் பெரும் பணக்காரர்களும் இல்லை. ஒரே ஒரு போர்ஷன் வாடகையை நம்பி மருந்து வாங்கும் வயதானவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போய் வாடகையை ஏற்றாதே என்று வெறும் தர்மம் பேசுவது சரியில்லை. அவர்களுக்கு வரிச்சலுகையோ பழுதுபார்க்க உதவியோ கொடுத்து, பதிலுக்கு நீண்ட கால ஒப்பந்தம் கேட்கலாம், அது பேசித் தீர்க்கக்கூடிய விஷயம்.

மனுவில் இதையெல்லாம் சேர்க்கலாமே என்று கூட்டத்தில் சொன்னபோது, ஒரு பூங்காவின் தலையில் ஏன் ஊர்ப் பிரச்சினையை எல்லாம் ஏற்றுகிறாய், பூங்கா வரட்டும், வாடகை விஷயத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பிறகு பார்க்க முடியாது என்பதுதான் எனக்கும் அவர்களுக்கும் உள்ள தகராறு. பூங்கா திறந்த பிறகு அந்தச் சந்தில் ஒரு மனையை வாங்க எந்த அறக்கட்டளைக்கும் கட்டுப்படியாகாது, எந்த வீட்டுக்காரரும் பழைய வாடகைக்கு நீண்ட ஒப்பந்தம் எழுத மாட்டார். பின்சந்தில் இரண்டு பழைய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, வாங்க ஆள் இல்லை. அந்தத் தொழிற்கூடத்து இடம் முழுவதற்கும் பூங்கா கேட்கிறோம், அதில் ஒரு ஓரம் வாடகை வீடுகளுக்குப் போதும். இவற்றைக் கேட்பதற்கான நேரம் அங்கே குப்பை கிடக்கும் இப்போதுதான், பூங்காவுக்கான உத்தரவு வந்த மறுநாள் முதல் விலை வேறு.